சூடாகும் முன்

பெலோமினாவின் அண்ணன் மிக்கேல் படகு மெக்கானிக். அவள் வீட்டுப் படகின் இஞ்சினைக் காலையில் போட்டதும் வால்வு டாப்பெட் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும், சூடானால் அடங்கிவிடும். நடுக்கடலில் நின்றுவிடுமோ என்று பயந்து இரண்டு தடவை அண்ணனைக் கூப்பிட்டாள். இரண்டு தடவையும் அவள் கணவன் கஸ்பார் முன்னதாகவே இஞ்சினை ஓடவிட்டு வைத்திருந்தான். மச்சான் முன்னால் படகு இருமக்கூடாதாம்.

மிக்கேல் நீளமான திருப்புளியை வால்வு மூடியில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டான். “ஒண்ணுமில்லையேட்டி. நீயும் ஒன் பொலம்பலும்.”

“அவளுக்குப் பயம், மச்சான்” என்று சிரித்தபடி கஸ்பார் அவள் தோளைத் தொட்டான். ஒரு வாரமாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசாதவன்.

இன்று அண்ணனை மறுபடி வரச்சொல்லிவிட்டு, கஸ்பாருக்கு முன்பே படகுக்கு வந்து, இஞ்சினைச் சுற்றிவிடும் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“குடுட்டி சனியனே” என்று கஸ்பார் பல்லைக் கடித்தான்.

படகுத்துறையில் மிக்கேலின் தலை தெரிந்தது.

“எந்திரிம்மா, பனியில உக்காராத” என்றான் கஸ்பார்.

அவள் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். “அண்ணன் ஏறட்டும்.”