சரிகை அங்கி

பெட்டிக்குள் அண்ணன் மின்னிக்கொண்டிருந்தான்.

தேர்த் திருவிழாப் பூசைக்கு மட்டும் கோயில் பீரோவிலிருந்து வெளியே வரும் சரிகை அங்கி. அதைப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள்.

தங்கை அந்தச் சரிகையை முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் கோயிலில் அவன் ஆறு வருஷம் பங்குச் சாமியார். ஒரு திருவிழாவுக்கும் அவன் பூசை வைத்ததில்லை. வெளியூரிலிருந்து வேறு சாமியாரைக் கூட்டி வருவார்கள். காலனிக்காரன் கையால் அன்றைக்கு நற்கருணை வாங்க ஊருக்கு நாக்கு நீளாது. வெறும் வெள்ளை அங்கியோடு ஓரமாக நின்று, வந்தவருக்குத் தூபக்கலசம் எடுத்துக் கொடுப்பான்.

கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்காது.

ஊர்ப் பெரியவர் மாலையோடு வந்தார்.

"பாத்தியாம்மா, எவ்வளவு மரியாத பண்ணிருக்கோம்."

"உசுரோட இருக்கப்ப இத எங்க பூட்டி வச்சிருந்தீங்க?"

மாலையை வைத்துவிட்டு நகர்ந்தார். படிச்ச திமிரு என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

விழட்டும்.

அங்கியைக் கழற்றச் சொல்லிவிட வேண்டும். எழுந்தாள்.

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எஞ் சவரியப் பாருடி. மாப்பிள மாதிரி இருக்கான்."

அழுது வீங்கிய முகத்தில் அப்படி ஒரு பெருமை. சிமெண்டு சுமந்து காய்த்துப்போன விரல் சரிகையைத் தடவியது. சொரசொரப்பில் நூல் சிக்கியது. பதறி மெல்ல விடுவித்தாள்.

எழுந்தவள் உட்கார்ந்துவிட்டாள்.

அடக்கப் பூசை முடிந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் வந்து அவள் காதருகே குனிந்தார்.

"பெட்டிய மூடுறதுக்கு முந்தி அங்கிய எடுத்துருவோம்மா. கோயில் சொத்து. அடுத்த மாசம் திருவிழா வருதுல்ல. நீ அம்மாவ மட்டும் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போயிரு."

வாய் வரைக்கும் வந்தது. மொத்தக் கோயிலுக்கும் கேட்கிற மாதிரி.

அம்மா இன்னும் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. கொஞ்சம் தண்ணி குடி."

அவர்களுக்குப் பின்னால் கோயில் கதவைச் சாத்தினார்கள்.

வேப்பமரத்தடியில் அம்மா டம்ளரைப் பிடித்தபடி குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி, சரிகை மண்ணுல மக்குமா?"

"மக்காதும்மா."