மையில் தெரிந்த செம்பு

"இங்கிட்டுத் தோண்டு, கண்ணுசாமி. இன்னும் ஒரு முழம்!"

வெற்றிலையில் தடவிய கறுப்பு மையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான் நாகராசு. பக்கத்து ஊர்க்காரன். மை போட்டுப் புதையல் பார்ப்பதில் சமஸ்தானத்திலேயே தனக்கு நிகர் இல்லை என்பான்.

மண்வெட்டி ணங்கென்றது.

முத்துமாரியம்மாள் கணவனைத் தள்ளிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். கையாலேயே மண்ணை வாரினாள். களிமண்ணால் வாய் அடைத்த பித்தளைச் செம்பு. அடைப்பை உடைத்துக் கவிழ்த்தாள். பொன் காசுகள். ஒவ்வொன்றின் தலையிலும் சின்ன வளையம்.

"ஆத்தாடி!" கண்ணுசாமிக்கு மூச்சு வாங்கியது. "கெணறு வெட்டிரலாம்டீ!"

"இது சுண்டைக்காய். கீழே பெரிய குடம் இருக்கு. பூதம் காவல்" என்றான் நாகராசு. "ஒன் ஜோடி மாட்டை எனக்கு அவுத்து விடு. பூதத்தைக் கட்டி எடுத்துத் தாரேன். செம்பையும் கொடு. தோஷம் கழிச்சுக் கொண்டாரேன்."

கண்ணுசாமி வேலமரத்தடிக்கு ஓடினான். மாடுகள் அங்கேதான் நின்றன.

முத்துமாரியம்மாள் குழியிலிருந்து ஏறிக் குறுக்கே ஓடினாள். கன்றிலிருந்து அவள் வளர்த்த மாடுகள். அவை போனால் உழவு ஏது?

"கயித்தைத் தொடாதீங்க! தமுக்கடிச்சது மறந்துருச்சா? பொதையல் கெடைச்சா சர்க்கார்ல சொல்லணும். மறைச்சா ஜெயிலு. சொன்னா நமக்கும் பங்கு உண்டு. தாசில்தார் இன்னிக்குக் குன்றாண்டார்கோவில்லதான் இருக்காக."

நாகராசின் கையிலிருந்து வெற்றிலை விழுந்தது.

"ஐயோ தங்கச்சி! வெளிய சொன்னா பூதம் ரத்தம் கக்க வைக்கும்!"

"கக்கினா தாசில்தார் கக்கட்டும்."

செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நடந்தாள். வழியெல்லாம் நாகராசு கெஞ்சிக்கொண்டே வந்தான். "மாடு வேணாம், தங்கச்சி. செம்பை மட்டுமாச்சும் கொடு!"

தாசில்தார் முன்னால் கூட்டம் நின்றது. அவர் காசுகளை ஒரு துண்டில் கொட்டினார்.

"இதுக்கு யாராச்சும் சொந்தம் கொண்டாடுறீங்களா? பாட்டன் பொதைச்சது, பூட்டன் பொதைச்சதுன்னு?"

கூட்டம் சிரித்தது. யாராவது கை தூக்குகிறார்களா என்று முத்துமாரியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். பின்னால் நாகராசின் வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

"எசமான்!" ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "பாட்டனுமில்லை, பூட்டனுமில்லைங்க. அது என் காசுமாலை! ஒரு காசுல வளையம் நெளிஞ்சிருக்கும், பாருங்க."

தாசில்தார் துழாவி ஒரு காசை எடுத்தார். வளையம் நெளிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமையிலேருந்து காணலைங்க" என்றாள் அவள். பிறகு நாகராசைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"இந்தா நிக்கிறாரே என் புருசன், மையில பாத்துச் சொல்லுய்யான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். ஒண்ணுமே தெரியலைன்னுட்டாரு!"