அரை மணி நேரத் தட்டு

திரை கறுத்து நின்றது. லேசர் டிஸ்க் என்ற அந்தக் காலத்துப் படத் தட்டின் முதல் பக்கம் முடிந்துவிட்டது.

"ஆர்டிஸ், கொஞ்சம் திருப்பிப் போட்டுடும்மா. எனக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு" என்றார் வெர்லின், சோபாவில் சாய்ந்தபடியே.

இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து ரெண்டு மாசம்கூட ஆகாத அவர் மனைவி, கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

ஆர்டிஸின் அக்கா கொரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டுலூத் நகரம் வரை பனியில் காரோட்டி வந்தது, தங்கை படும் இந்தக் கண்றாவியைப் பார்க்கவா?

"நீ உட்காரு ஆர்டிஸ், நான் போறேன்."

"வேண்டாம் கொரின். கைரேகை படாம அதைப் பிடிக்க அவளுக்குத்தான் தெரியும்" என்றார் வெர்லின்.

டிவி ஒரு கோடியில், தட்டை ஓட்டும் பெட்டி மறு கோடியில். எந்த மகாராஜா செய்த ஏற்பாடோ. ஆர்டிஸ் அடிமேல் அடி வைத்து நடந்தாள். ஊரே ஃபோனில் படம் பார்க்கிறது. இந்த வீட்டில் மட்டும் தாம்பாளம் அளவுத் தட்டை தோசைபோலத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

"தானே ரெண்டு பக்கமும் ஓட்டுற பெட்டி ஒண்ணு கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தேனே, எங்கே?" என்றாள் கொரின்.

"அலமாரியில இருக்கு. பழைய பெட்டியோட சுகம் அதுல வராது."

"இதே படம், பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஓடுற தட்டு வெச்சிருந்தியே?"

"வித்துட்டேன். இது அரை மணி நேரத் தட்டு. எங்க நிறுத்தினாலும் படம் பளிச்சுனு நிக்கும்."

"நீ எங்க நிறுத்தின? உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே இல்லையே."

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று தங்கையிடம் போனாள்.

"நீ பொண்டாட்டியா, வேலைக்காரியா? இப்பவே என்கூடக் கிளம்பு."

ஆர்டிஸ் தட்டை விளிம்பில் பிடித்துத் திருப்பி வைத்தாள். வலிக்கு நடுவிலும் சிரித்தாள்.

"மெதுவாப் பேசு. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கலைன்னா கால் முடங்கிடும்னு டாக்டர் சொன்னாரு. யார் நடக்கச் சொன்னாலும் எரிஞ்சு விழுந்தேன். வலிக்குதுன்னு படுத்தே கிடந்தேன். அப்புறம்தான் இவருக்கு முதுகு பிடிச்சுது."

"அப்போ அந்த முதுகு..."

"காலையில வாசல் பனி முழுக்க அவர்தான் வாரினாரு. எனக்கு எதுவும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. நீயும் காட்டிக்காத."

கொரின் திரும்பி வந்து உட்கார்ந்தாள். படம் ஓடியது.

அரை மணியில் திரை மறுபடி கறுத்தது. வெர்லின் வாயைத் திறக்குமுன் கொரின் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள்.

"ஆர்டிஸ், போய் அடுத்த தட்டைப் போடு. எனக்கும் முதுகு பிடிச்சுக்கிச்சு."