முந்நூறாவது மங்கா

ஓராண்டில் முந்நூறு மங்கா படிக்கும் சவாலில் ஜனவரியில் சேர்ந்த ரெனிட்டா, மார்ச்சில் ஒரு விபத்தில் நினைவிழந்தாள். அவள் கண்ணில் பொருத்தியிருந்த வாசிப்பு வில்லை மட்டும் அந்த ஜப்பானியப் படக்கதைகளைக் காட்டிக்கொண்டே இருந்தது. மூடிய இமைகளுக்கு அடியில் விழிகள் வலமிருந்து இடமாக ஓடின. விழிகள் ஒரு பக்கத்தை ஓடி முடித்தால்தான் வில்லையில் அடுத்த பக்கம் வரும். கணவன் ஜெபினின் கைபேசியில், முடித்த புத்தகங்களின் எண்ணிக்கை நாள்தோறும் ஏறியது.

"அது வெறும் நரம்புத் துடிப்பு. மூளை எப்பவோ அடங்கிடுச்சு," என்றார் டாக்டர் ஸ்டெல்லா. "சுவாசக் குழாயை எடுத்துரலாம்."

"முந்நூறு முடியட்டும் டாக்டர். அவ ஆசைப்பட்டுத் தொடங்குனது."

டிசம்பரில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது முடிந்தது. படுக்கையருகே நின்றபடியே டாக்டர் படிவத்தை நீட்டினார்.

"நாளைக்குக் கடைசியும் முடிஞ்சிரும். சாயங்காலம் எடுத்துரலாம்."

ஜெபின் கையெழுத்திட்டான்.

மறுநாள் மாலை கைபேசியைப் பார்த்தான். தினமும் ஒரு புத்தகத்தையே முடித்துவிடுகிறவள், அன்று ஒரே ஒரு பக்கம்தான் படித்திருந்தாள். அவன் அவள் காதருகே குனிந்தான்.

"ரெனி, நேத்து நாங்க பேசுனது உனக்குக் கேட்டுச்சா?"

ஒன்பது மாதமாக ஓடிக்கொண்டிருந்த விழிகள் சட்டென்று நின்றன.

வெளியே டாக்டரின் குரல் நெருங்கி வந்தது. ஜெபின் எழுந்துபோய்க் கதவை உள்ளே தாழிட்டான்.