வரிக்கு வரி

"மாட்டிக்கிட்டாங்க பாஸ்! அந்த துங் அக்கா வசமா மாட்டிக்கிட்டாங்க!"

மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி ஓடி வந்தான் பெய்-லுன். தைனான் நகர மாநாட்டுக் கூடத்தின் வாசலில் நின்று பபிள் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்த முதலாளி ஃபானுக்குப் புரையேறியது.

"மூச்சு விட்டுட்டுச் சொல்லுடா. என்ன ஆச்சு?"

"போன மாசம் அவங்க ஒரு பிளக்-இன் போட்டாங்களே, சந்திர நாட்காட்டியைப் பார்த்துக் கடை வெப்சைட்ல நல்ல நாள் காட்டுறது. ஓப்பன் சோர்ஸ், யாரும் உள்ளே பார்க்கலாம். சும்மா மேய்ஞ்சு பார்த்தேன் பாஸ். தேதிக் கணக்குப் போடுற பகுதி அப்படியே நம்மளோடது!"

"நம்மளது பூட்டியில்ல இருக்கு?"

"உடைச்சிருப்பாங்க. கணக்குக்கு நடுவுல ஒரு எண்ணுக்கு 'பால்மீன் கஞ்சி'ன்னு பேர் வச்சிருக்கு பாருங்க. நம்மகிட்டயும் அதே பேர், அவங்ககிட்டயும் அதே பேர். இந்தப் பைத்தியக்காரத்தனம் ரெண்டு பேருக்குத் தனித்தனியாவா தோணும்?"

அந்தப் பகுதி பெய்-லுன் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எழுதப்பட்டது. ஆனால் மூன்று வருடமாக நிறுவனத்துக்குச் சோறு போடுவது அதை வைத்து அவர்கள் விற்கும் பிளக்-இன்தான். அதில் கைவைத்தவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பூரிப்பில் இருந்தான் அவன்.

"இப்ப அவங்க எங்கே?" என்றார் ஃபான்.

"மேடையிலதான். அந்தப் பிளக்-இன் பத்தித்தான் பேசிட்டிருக்காங்க!"

"வாடா!"

உள்ளே கூட்டம் நிரம்பி வழிந்தது. இணையதளம் கட்டுகிறவர்கள் ஊர் ஊராக வந்திருந்தார்கள். ஐம்பது வயது துங் ஷியூ-மான், தவளைப் படம் போட்ட சட்டையில், "கேள்வி இருந்தா கேளுங்க" என்று முடித்தார். ஒலிவாங்கியை எட்டிப் பறித்தார் ஃபான்.

"ஒண்ணே ஒண்ணுதான் அக்கா. அடுத்தவன் சரக்கைத் திருடினா, பேரையாவது மாத்த வேண்டாமா?"

அடுத்த கணம் கைபேசிகள் உயர்ந்தன.

"நான் என்ன திருடினேன் தம்பி?"

"தேதிக் கணக்கு. அது எங்க பிளக்-இன்ல இருக்குறது."

"உங்களது பூட்டின பெட்டி. உள்ளே இருக்குன்னு யார் வேணா சொல்லிக்கலாமே?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஃபானின் காது சிவந்தது.

"பெய்-லுன், திரையில போடுடா!"

"நம்ம கோடிங்கையா? எல்லார் முன்னாடியுமா பாஸ்?"

"இன்னியோட அவங்க கடை மூடியாச்சு. யாருக்குப் பயப்படுறே? போடு!"

பெய்-லுன் மேடைக்குத் தாவினான். பெரிய திரையில் இடப்பக்கம் அவர்களுடையது, வலப்பக்கம் துங்குடையது. அவன் உருட்ட உருட்ட, இரண்டும் ஒன்றுபோல ஓடின. பால்மீன் கஞ்சி வந்ததும் கூட்டம் விசிலடித்தது. இப்படி ஒரு கைதட்டல் வாழ்நாளில் தனக்குக் கிடைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டான் பெய்-லுன்.

துங் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இது நீங்க கடைகளுக்கு விக்கிற அதே பிளக்-இன்தானா?"

"சாட்சாத் அதேதான்!" என்றார் ஃபான்.

"ரெண்டுக்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. ஒத்துக்கிறீங்களா?"

"அதைத்தானே அக்கா நானும் கத்திட்டிருக்கேன்!"

"எல்லாரும் வீடியோ எடுத்தாச்சா?"

"ஆச்சு அக்கா!" கூட்டம் ஒரே குரலில் கூவியது.

துங் தன் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் மூன்றாவதாக ஒரு பக்கம் விரிந்தது. அதே வரிகள். மேலே ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி. எழுதியவர் பெயர், துங் ஷியூ-மான்.

பெய்-லுன் அவசர அவசரமாக இடப்பக்கத்தை மூடினான்.

"இதை நான் அப்பவே இலவசமா விட்டுட்டேன் தம்பி. யாரும் எடுக்கலாம், காசுக்கும் விக்கலாம். லைசென்ஸ்ல ஒரே ஒரு நிபந்தனை. இதைச் சேர்த்து எதை வித்தாலும், வாங்கினவங்களுக்கு அந்த மொத்தக் கோடிங்கையும் திறந்து கொடுத்துடணும். பூட்டி வித்தா அதுதான் திருட்டு."

"அ... அக்கா..." என்றார் ஃபான்.

"இது உங்க பெட்டிக்குள்ள இருக்குன்னு ரொம்ப நாளா சந்தேகம். ஆனா பூட்டை நான் உடைக்க முடியாது, நீங்களாத் திறந்து காட்டினாத்தான் உண்டு," என்று சிரித்தார் துங். "அதனாலதான் போன மாசம் அதையே வச்சு ஒரு பிளக்-இன் போட்டுட்டு, நீங்க எப்படா ஓடி வருவீங்கன்னு வழி பார்த்துட்டிருந்தேன்!"