பத்தும் ஆயுளுக்கு

அப்பாவும் மகளும் பெஞ்சில் உட்கார்ந்து, மகளுடைய சூப்பர்ஹீரோவுக்குத் துணையாக ஒரு நாயைத் தாளில் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. அதை நடத்துபவர் அப்பா. அவர் வைத்ததுதான் சட்டம். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், யார் தலைகீழாக நின்றாலும் தாளில் இருப்பதை மாற்ற முடியாது.

“மொத்தம் பத்துப் புள்ளி. பலம், வேகம், ஆயுள்னு பிரிச்சுப் போடும்மா.”

“பத்தும் ஆயுளுக்கு.”

“அப்ப பலம், வேகம் ரெண்டும் சைபரா? வில்லன் ஊதினாலே விழுந்துடுமே!”

“நான் தூக்கிட்டு ஓடிடுவேன்.”

“பலவீனம் ஒண்ணு எழுதணுமே?”

“நான் பக்கத்துல இல்லாட்டி சாப்பிடாது.”

அப்பா அதை அப்படியே எழுதினார்.

“கையெழுத்துப் போடுங்கப்பா.”

போட்டார். மகள் அதை இரண்டு தடவை சரிபார்த்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. கால்நடை மருத்துவர் வந்து, அவளைப் பார்க்காமல் அப்பாவிடம் ஒரு தாளை நீட்டினார்.

“உங்க நாய் இனிமே பிழைக்காது சார். வலி தெரியாம ஊசி போட்டு அனுப்பிடலாம். இதுல நீங்க கையெழுத்துப் போடணும்.”

அப்பா அதை வாங்குவதற்குள் மகள் எழுந்தாள். தன் தாளை மருத்துவரிடம் நீட்டினாள்.

“அப்பா ஏற்கெனவே போட்டுட்டாங்க டாக்டர்.”