நீலம் ஒட்டிய டப்பா

உரித்தெடுத்த சிவப்பு ஸ்டிக்கரை மெர்லின் தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு மேசைமேல் இருந்த இறால் தொக்கு டப்பாவின் மூடியை அழுத்தி மூடி, புது நீல ஸ்டிக்கர் ஒன்றை அதன்மேல் ஒட்டினாள். கட்டைவிரலில் பட்டிருந்த தொக்கை நக்கிவிட்டு, முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டாள்.

"இந்த டப்பாவ நான்தான் முதலாளிக்கு எடுத்துக்கினு போவேன்" என்றாள், பக்கத்தில் நின்ற சொக்கம்மாளிடம்.

"எட்த்துக்கினு போ. எனக்கு ஒரு வேல மிச்சம்."

மெர்லின் டப்பாவைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டாள்.

எர்ணாவூர் தொழிற்சாலையில் அன்று முதலாளி சுயம்புவின் கால் தரையில் பாவவில்லை. பெங்களூரிலிருந்து பெரிய கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். உணவுத்துறை அதிகாரியம்மாவையும் அழைத்திருந்தார். டப்பாவுக்குள் விஷக்கிருமி வளர்ந்தால் நீல ஸ்டிக்கர் தானாகவே சிவப்பாகிவிடும். அவர் சரக்கின் பெருமையே அதுதான்.

அந்தப் பெருமையை நம்பித்தான் போன தவக்காலத்தில் மெர்லின் ஒரு டப்பா வாங்கினாள். ராயபுரத்தில் அவள் வீட்டுக்கு வந்திருந்த தங்கை ஜானட் பிள்ளைத்தாச்சி. இறால் வேண்டுமென்று ஆசைப்பட்டாள். மெர்லின் நீல ஸ்டிக்கரை இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் சூடு பண்ணிப் போட்டாள். தவக்காலம் முழுக்கக் கவிச்சி தொடாதவள், அவள் சாப்பிடவில்லை.

ஜானட்டும் பிழைக்கவில்லை, வயிற்றில் இருந்ததும் பிழைக்கவில்லை.

"ஸ்டிக்கர் நீலமாத்தானே இருந்துச்சு? அப்ப தப்பு என் டப்பாவுல இல்ல. ஆக்கிப் போட்டவ கையிலதான் அழுக்கு" என்று விசாரணையில் சொல்லி முடித்துக்கொண்டார் சுயம்பு. மெர்லின் யார், எப்படி இருப்பாள் என்றுகூட அவர் கேட்கவில்லை.

ஊர் அதை நம்பியது. ஜானட்டின் புருஷன் ஜெரியும் நம்பினான். "நீ மட்டும் இன்னாத்துக்குத் துன்னலக்கா?" என்று கல்லறைத் தோட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டான். அதன்பிறகு அவள் வீட்டில் அவன் பச்சைத்தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

மெர்லின் காண்ட்ராக்ட் ஆளாக இந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தது அப்போதுதான். தொப்பிக்கும் முகக்கவசத்துக்கும் நடுவில் இருக்கும் கண்களை சுயம்பு ஒருநாளும் பார்த்ததில்லை. வேலைக்காரிகள் எல்லாருமே அவருக்கு 'ஏம்மா'தான்.

குளிர் அறைக்குப் பின்னால் இருந்த அறையில், சிவந்துபோன டப்பாக்களில் ஸ்டிக்கரை உரித்து, நிறம் மாறாத வெறும் நீலம் ஒட்டுவதைக் கண்ணால் பார்த்தாள். பெயர் சொல்லாமல் புகார் செய்தாள். சோதனைக்கு ஆள் வந்த அன்று எல்லா டப்பாவும் நீலமாகவே இருந்தது. அதற்குமேல் அவள் யாரிடமும் போகவில்லை.

"பயமே வேணாம். உங்க முன்னாடி நானே சாப்பிட்டுக் காட்றேன்" என்று விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தபடி சுயம்பு, மெர்லின் கொண்டுவந்து வைத்த டப்பாவைத் திறந்தார்.

தோசையைப் பிய்த்துத் தொக்கில் புரட்டி வாயில் போட்டார். "ஆஹா! இன்னிக்கு தனி ருசி" என்றார். கடைசியில் டப்பாவை விரலால் வழித்துச் சப்பினார்.

தட்டை எடுக்கக் குனிந்த மெர்லின், பையிலிருந்த சிவப்பு ஸ்டிக்கரை அவர் முன்னால் வைத்தாள்.

"இது பின்னாடி ரூம்ல உரிச்சது சார். நீங்க துன்ன டப்பால நீலம் ஒட்னது நான்தான்."

சுயம்புவின் வாய் பாதியில் நின்றது. "நீ… நீ யாரு?"

அவள் முகக்கவசத்தை இறக்கினாள். "ராயபுரத்து ஜானட்டோட அக்கா."

நாற்காலி சாய, அவர் கை கழுவும் தொட்டிக்கு ஓடினார். தொண்டைக்குள் விரலை விட்டுக் குமட்டினார். "ஆம்புலன்ஸ்! யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க!"

அதிகாரியம்மா ஓடிவந்தார். "என்ன சார் ஆச்சு? என்ன சாப்ட்டீங்க? டாக்டர் கேப்பாங்க, தெளிவா சொல்லுங்க."

"செவந்துபோன சரக்கும்மா!" சுயம்பு அலறினார். "பின்னாடி ரூம்ல அடுக்கி இருக்கு. ஸ்டிக்கரை மாத்தி ஒட்டச் சொன்னதே நான்தான். அந்த ராயபுரத்துப் பொண்ணு செத்துச்சே, அதுவும் இப்படி ஒட்டி வித்த சரக்குதான். டாக்டர்கிட்ட அதையே சொல்லுங்க… நான் செத்துடுவேம்மா!"

யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். கடைக்காரர்களில் ஒருவர் கையிலிருந்த போன் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அதிகாரியம்மா தன்னோடு வந்தவரைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டு, மெர்லினின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். "போலீஸ் வர்ற வரைக்கும் நீ எங்கயும் போகக்கூடாது."

"அடிப்பாவி, ஆள சாவடிச்சிட்டியேடி!" சொக்கம்மாள் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மெர்லின் கையை விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. தரையில் சுருண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் சுயம்புவையே பார்த்தாள். ஜானட்டும் இப்படித்தான் சுருண்டு கிடந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் துடிக்கட்டும் என்று நின்றாள்.

ஆம்புலன்ஸ் சத்தம் வாசலுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எழுந்து மூஞ்சக் கழுவுங்க சார், அது காலைல எங்க வூட்ல நான் ஆக்கினு வந்த தொக்கு."